ரூலர் கேட்ட பாடம்

அந்த வகுப்பில் முதல் அடி எனக்குத்தான் விழுந்தது. மரச்சட்டம் போட்ட சிலேட்டால் அடித்தாள். நெற்றியில் பட்டுக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கை வைத்துப் பார்த்தால் ரத்தம். அடித்தவளுக்கு இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. கும்பகோணம் பக்கத்திலிருந்து கல்யாணமாகிச் சிங்கப்பூர் வந்தவள். நான் செய்த குற்றம், பலப்பம் பிடித்திருந்த அவள் கையை என் கையால் இறுக்கிப் பிடித்து எழுத வைத்ததுதான்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது பாளையங்கோட்டையில் என்னோடு படித்த எல்லோருக்கும் தெரியும். கையை ஓங்கிவிட்டேன். அப்போதுதான் அவள் விரல்களைப் பார்த்தேன். முட்டிகள் எல்லாம் வீங்கி, தோல் வெடித்து, கறுத்துக் கிடந்தன. அதைத்தான் நான் அமுக்கியிருக்கிறேன். ஓங்கிய கையை இறக்கி, முந்தானையால் நெற்றியை அழுத்திக்கொண்டேன்.

“என்னைய எழுதச் சொல்லாதீங்க டீச்சர்” என்றாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

அது ஐம்பதுகளின் கடைசி. வாரநாட்களில் நான் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியை. தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்புறம் அண்ணன் குடும்பத்தோடு வாசம். எங்கள் வேதக்கோயில் மாதர் சங்கத்துக்குத் திடீரென்று ஞானம் பிறந்து, ஊரிலிருந்து வந்து சேர்ந்த மனைவிமாருக்கு, எந்த மதமானாலும் சரி, சனிக்கிழமைப் பிற்பகலில் ஆங்கிலம் சொல்லித் தருவது என்று முடிவு செய்தார்கள். கல்யாணமாகாதவள், சும்மாதானே இருக்கிறாள் என்று அதை என் தலையில் கட்டினார்கள். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், காப்பிக்கடைக்கு மேலே மாடியறை. நாற்காலிகளைக் கொடுத்தது ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி. அவள் கணவர் ரப்பர் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் மானேஜர். சங்கத்துக்கு அவள்தான் புரவலர். எப்போதாவது வந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவாள்.

படிக்க வந்தவர்கள் பெரும்பாலும் கிராணிமாரின் மனைவிகள். ஆபீஸ் குமாஸ்தாவை அங்கே கிராணி என்பார்கள். மனைவி கையில் கடிகாரம் கட்டிவிட்டது போல, வாயிலும் நாலு இங்கிலீஷ் வார்த்தையைக் கட்டிவிட வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. பெண்களுக்கு அந்த ஆசை எள்ளளவும் கிடையாது. வாரத்தில் அந்த ஒரு பிற்பகல்தான் அடுப்பிலிருந்தும் மாமியாரிடமிருந்தும் அவர்களுக்குக் கிடைத்த விடுதலை. அதை ஏ பி சி டிக்குக் கொடுக்க அவர்களுக்கென்ன பைத்தியமா? மேசையில் தலை சாய்த்துத் தூங்கினார்கள். தாளில் சுருட்டிய வறுகடலையைக் கொறித்தார்கள். மீன் விலையையும் நாத்தனார் கொடுமையையும் என் குரலுக்கு மேல் பேசினார்கள். என் பள்ளிக்கூடத்தில் நான் புருவத்தை உயர்த்தினால் பிள்ளைகள் வெலவெலத்துப் போவார்கள். இங்கே சாக்பீஸை வீசி எறிந்தேன். ஒருத்தி லாவகமாகப் பிடித்துத் தாயக்கட்டம் போட எடுத்துக்கொண்டாள்.

சிலேட்டால் அடித்தவள் இவர்களோடு சேரவில்லை. தூங்கவும் மாட்டாள், சிரிக்கவும் மாட்டாள். கடைசி வரிசையில், நடை பழகி ஓடத் தொடங்கியிருந்த மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வாயை இறுக மூடியிருப்பாள். ஓர் எழுத்தை அவள் வாயிலிருந்து வாங்க முடியாது. இப்படியும் ஒரு மண்டூகமா என்றுதான் நான் நினைத்தேன்.

விஷயத்தைச் சொன்னது அக்கா. துறைமுகத்தில் டைம்கீப்பராக இருந்தவரின் மனைவி, வகுப்பிலேயே மூத்தவள். நான் உட்பட எல்லோருக்கும் அக்கா. சனிக்கிழமை வீடு திரும்பியதும் அந்தப் பெண்ணின் கணவன் அவளிடம் பாடம் கேட்பானாம். அவள் தரையில் உட்கார்ந்து, விரல்களை மடக்கி, முட்டிகள் மேலே தெரிய இரண்டு கையையும் முக்காலியில் வைக்க வேண்டும். ஆபீஸிலிருந்து கொண்டு வந்த, பித்தளை விளிம்பு வைத்த ரூலர் ஒன்று அவனிடம் இருந்தது. அவள் சொல்லாத ஒவ்வொரு வார்த்தைக்கும் ஓர் அடி. தட்டையாக அல்ல, விளிம்பால். வலது கை எழுத வேண்டிய கையாயிற்றே என்று அதற்குக் கொஞ்சம் கூடுதல். பக்கத்து அறையில் குடியிருந்த அக்காவுக்குச் சத்தம் கேட்கும். அடி விழும் சத்தம்தான் கேட்குமாம், அழும் சத்தம் கேட்காதாம்.

வகுப்பு முடியும் வரை புருஷன்மார்கள் கீழே காப்பிக்கடையில் காத்திருப்பது வழக்கம். அக்கா சொன்னதைக் கேட்டு அன்று நான் படிகளில் தடதடவென்று இறங்கி அவள் கணவனிடம் போனேன். வெள்ளை டிரில் கால்சட்டை, படிய வாரிய எண்ணெய்த் தலை, சட்டைப் பையில் பேனா. அந்தத் துரைசாணியின் கணவருக்குக் கீழேதான் அவன் கிராணியாக இருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டான். எனக்கும் ஒரு காப்பி சொன்னான்.

“நான் அடிக்கல டீச்சர், பாடம் கேக்குறேன்” என்றான். “நாங்கள்லாம் அப்படித்தானே படிச்சோம். அப்படிப் படிக்கலேன்னா இன்னிக்கித் துரை முன்னாடி நின்னு பேச முடியுமா?”

அந்தக் காலத்தில் நானும் பிள்ளைகளின் உள்ளங்கையில் பிரம்பால் போட்டவள்தான், யார்தான் போடவில்லை. ஆனால் அவன் குரலில் இருந்த திருப்தியைக் கேட்டதும் கொதிக்கிற காப்பியை அந்த எண்ணெய்த் தலையில் ஊற்ற வேண்டும் போலிருந்தது. நீ ஒரு காட்டுமிராண்டி என்று ஆங்கிலத்தில், கடையே திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே எனக்கு நன்றி சொன்னான், அதுவும் ஆங்கிலத்தில். அடுத்த சனிக்கிழமை அவளுடைய இடது கையும் வலது கையளவுக்கு வீங்கியிருந்தது.

எனக்கு அவள் மேலும் ஆத்திரம் வந்தது. நாலு வார்த்தையைச் சொல்லித் தொலைத்தால் அடி நிற்குமே, அப்படி என்ன வீம்பு என்று கேட்டேன். அவள், “அவரு அடிச்சு நான் கத்துக்கிட்டா, அடிச்சதுதான் சரின்னு ஆயிடும் டீச்சர்” என்றாள். ஆங்கிலம் படிக்கப் பிடிக்காத எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். சோம்பல், பயம், மந்தம் என்று எல்லோருக்கும் ஒரு பெயர் வைத்திருந்தேன். இவளுக்கு வைக்க என்னிடம் பெயர் இல்லை.

அப்படியே போயிருந்தால் அவள் விரல்கள்தான் போயிருக்கும். அதற்குள் கம்பெனியில் தலைமைக் கிராணி வேலை காலியானது. அந்த மானேஜருக்கு ஒரு பழக்கம். யாரையும் மேலே தூக்கி விடுவதற்கு முன்னால், மனைவியோடு பங்களாவுக்குத் தேநீர் விருந்துக்குக் கூப்பிடுவார். மனைவி எப்படி நிற்கிறாள், எப்படிப் பேசுகிறாள் என்று துரைசாணி பார்த்துச் சொல்ல வேண்டும். அழைப்பு வந்த அன்று அவன் ரூலரை எடுக்கவில்லையாம். அமைதியாக உட்கார வைத்துச் சொன்னானாம்: அங்கே ஊமை மாதிரி நின்று என் மானத்தை வாங்கினால், அடுத்த கப்பலில் உன்னை நாகப்பட்டினத்துக்கு ஏற்றிவிடுவேன். பிள்ளை இங்கேயே இருக்கும். புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கிற என் கூடப்பிறந்த அக்கா வளர்த்துக்கொள்வாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். மகளை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை.

“பிள்ளைய விட்டுட்டு நான் இருக்க மாட்டேன் டீச்சர். கத்துக்குறேன். ஆனா அவரு குடுக்குற வார்த்தை மட்டும் போதாது. என் புருசன் என்னைய அடிக்கிறாருன்னு இங்கிலீசுல எப்படிச் சொல்றது?”

தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கூட நிமிர்ந்தார்கள். அவள் கணக்கு எளிமையானது. இந்த ஊரில் அவன் பயப்படுகிற ஒரே மனிதர் அந்த மானேஜர். துரைசாணி ஒரு வார்த்தை சொல்லி, மானேஜர் ஒரு வார்த்தை கண்டித்தால் ரூலரும் நிற்கும், கப்பலும் நிற்கும்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. வீட்டு அசிங்கத்தை வெள்ளைக்காரி முன்னால் கொட்டுகிறாயே, நாளைக்கு எங்களையும் அல்லவா அவள் அப்படிப் பார்ப்பாள் என்று எழுந்தாள். “அடி வாங்குறது நீயா நானா?” என்றாள் இவள். அவ்வளவுதான், அக்கா இவள் கொண்டையைப் பிடித்தாள். இவள் புண்பட்ட கையாலேயே அக்காவின் கன்னத்தில் அறைந்தாள். நாற்காலிகள் சரிந்தன. பூச்சரம் அறுந்து தரையெல்லாம் மல்லிகை. அக்காவின் மூக்குத்தி எகிறி, மூக்கிலிருந்து ரத்தம் கோடாக இறங்கியது. பிள்ளை வீறிட்டது. பிரிக்கப் போன என் கையை யாரோ கடித்தார்கள். யாரென்று இன்று வரை தெரியாது. மண்பானைத் தண்ணீரை அப்படியே தூக்கி இருவர் தலையிலும் கொட்டினேன். எல்லோரும் சொட்டச் சொட்ட நின்ற பிறகு, கரும்பலகையில் அந்த வாக்கியத்தை எழுதினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை என் ஆசிரிய வாழ்க்கையில் வேறெங்கும் பார்க்கவில்லை. ஓர் எழுத்து ஏறாத பெண்கள் அந்த ஒரு பிற்பகலில் அதை மனப்பாடம் செய்தார்கள். கீழே புருஷன்மார்களுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று எல்லோரும் ஜபம் போல முணுமுணுத்தார்கள். மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு ஒதுங்கி நின்ற அக்காவின் உதடும் அசைந்ததைக் கவனித்தேன். இவள், கணவன் கொடுத்த உபசார வார்த்தைகளையும் சேர்த்தே படித்தாள். அவற்றை வீட்டில் ஒப்பித்தாள். ரூலர் வேலை செய்துவிட்டது என்று அவன் பூரித்துப் போனான். ஆனாலும் உச்சரிப்புக்கு என்று அடி தொடர்ந்தது.

சங்கத்து ஆசிரியை என்ற முறையில் விருந்துக்கு எனக்கும் அழைப்பு இருந்தது. மேட்டின் மேல் பங்களா, வெட்டி ஒட்டினாற்போல் புல்தரை, வெயிலில் பட்டுச்சேலைக்குள் வெந்துகொண்டிருந்த கிராணி மனைவிகள். சண்டை போட்ட பக்கத்து அறை அக்காவிடமே மகளை விட்டுவிட்டு அவள் வந்திருந்தாள். கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். அவள் கணவன் புல்தரையின் மறுகோடியில் மானேஜரைச் சுற்றி நின்ற கூட்டத்தில் இருந்தான். சொல்வது அவன் காதில் விழாது, ஆனால் கண் இங்கேயே இருந்தது.

துரைசாணி எங்களிடம் வந்து கையை நீட்டினாள். இவள் முந்தானையை விலக்கித் தன் கையை நீட்டினாள். முட்டிகள் வெயிலில் பளபளத்தன.

“ஹவ் டு யூ டூ, மேடம். மை ஹஸ்பண்ட் பீட்ஸ் மீ. எவ்ரி சாட்டர்டே. வித் எ ரூலர். ப்ளீஸ் டெல் யுவர் ஹஸ்பண்ட், மேடம்.”

ஒவ்வொரு வார்த்தையும் மணி மணியாக விழுந்தது. தினமும் வந்து படித்த என் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட அவ்வளவு சுத்தமாகப் பேசியதில்லை. துரைசாணியின் புன்னகை இம்மியும் மாறவில்லை. வீங்கிய கையைப் பார்த்தாள். மெதுவாக விட்டாள். எவ்வளவு அழகாகப் பேசுகிறாள், எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று என்னிடம் சொன்னாள்.

புரியவில்லை போலும் என்று நினைத்தேன். இவளைக் கணவன் அடிக்கிறான் என்று சொல்கிறாள், மேடம் என்றேன். துரைசாணி என் முழங்கையைத் தொட்டு, குரலைத் தாழ்த்தி, ஆமாம், எனக்குத் தெளிவாகவே கேட்டது என்றாள். அவளைக் கொஞ்சம் கேக் எடுத்துக்கொள்ளச் சொல் என்றாள். பிறகு புல்தரையைக் கடந்து நேராக இவள் கணவனிடம் போனாள்.

நாங்கள் நின்ற இடத்திலிருந்து துரைசாணி ஏதோ சொல்வதும், அவன் குனிந்து குனிந்து கேட்பதும் தெரிந்தது. அவன் முகம் மலர்ந்தது. புறப்படும்போது கேட்டருகில் அவனே என்னிடம் வந்து சொன்னான். அவன் மனைவியின் ஆங்கிலம் பிரமாதம், அவன் மிகுந்த சிரமம் எடுத்துச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் என்று துரைசாணி பாராட்டினாளாம். “ரூலர் வீண் போகல பாத்தீங்களா டீச்சர்” என்றான். தன் கையில் யாரோ திணித்திருந்த கேக் துண்டை அவள் பொடிப்பொடியாக நசுக்கிப் புல்லில் உதிர்த்துவிட்டு அவன் பின்னால் நடந்தாள். எனக்கு அந்தப் பங்களாவைக் கொளுத்திவிட்டுப் போக வேண்டும் என்றிருந்தது.

அவனுக்குத் தலைமைக் கிராணி வேலை கிடைத்தது. காப்பிக்கடையில் எல்லோருக்கும் தேநீரும் ரொட்டியும் வாங்கிக் கொடுத்துத் தன் வித்தையையும் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அடுத்த சனிக்கிழமை மூன்று பெண்கள் வீங்கிய கையோடு வந்தார்கள். அவர்களில் அக்காவும் ஒருத்தி. தோளுக்கு மேல் வளர்ந்த மகன்கள் பார்க்க, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக டைம்கீப்பர் அவளை முக்காலி முன்னால் உட்கார வைத்திருக்கிறார். அக்கா என்னைத் தாண்டி நேராக இவளிடம் போய்க் கையை நீட்டினாள்.

“ஒம் புருசன் சொல்லிக் குடுத்தது. பாத்துக்க.”

மறுபடியும் கொண்டையைப் பிடிக்கப் போகிறார்கள் என்று பானையைத் தேடினேன். இவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகளைத் தூக்கி அக்காவின் இடுப்பில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். நாங்கள் எல்லோரும் பின்னால் ஓடினோம்.

கடை வாசல் நடையில், பளிங்கு மேசையைச் சுற்றி அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்ன லா, இன்றைக்குச் சீக்கிரமே முடிந்துவிட்டதா என்று யாரோ கேட்டார்கள். அவள் கணவன் முன்னால் போய் நின்று, தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி, “துரைசாணிக்கிட்ட நீ என்னைய அடிக்கிறதைச் சொன்னேன்” என்றாள்.

அவன் அறைந்தான். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்த வேகத்தில் அறைந்தான். அவள் சுழன்று மேசை விளிம்பில் முகம் மோத விழுந்தாள். கோப்பைகள் உருண்டு உடைந்தன. காப்பியும் ரத்தமும் பளிங்கின் மேல் ஒன்றாக ஓடின. அவன் தலைமயிரைப் பற்றித் தூக்கினான். உதடு கிழிந்து தொங்க, அவள் பேசினாள்.

“இங்கிலீசுலதான் சொன்னேன். கையக் காட்டினேன். துரைக்கிட்டச் சொல்லுங்கன்னேன். தெளிவாக் கேட்டுச்சுன்னு சொன்னாங்க. டீச்சரு பக்கத்துலதான் நின்னாங்க, கேட்டுப் பாரு.”

அவன் கை அடுத்த அடிக்கு உயர்ந்தபடியே நின்றது. என்னைப் பார்த்தான். கடையிலிருந்த எல்லோரும் பார்த்தார்கள். ஆமாம், தெளிவாகக் கேட்டது என்றுதான் துரைசாணி சொன்னார் என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். புல்தரையில் துரைசாணி சிரித்த சிரிப்பை அவன் அந்த நிமிடம் மறுபடி எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். எல்லாம் தெரிந்துகொண்டு சிரித்தாள், எதற்காகவோ வேலையையும் கொடுத்தாள், எந்த நாளும் அதைப் பிடுங்கலாம் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தலைமயிரை விட்டான். மெல்ல உட்கார்ந்தான்.

அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்தபடி டைம்கீப்பரிடம் போனாள். “எனக்கும் அந்த வாக்கியம் தெரியும்” என்று மட்டும் சொன்னாள். அவர் குடையை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போய்விட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

அதற்குப் பிறகு அவன் அவள் மேல் கை வைத்ததாக நான் கேள்விப்படவில்லை. கப்பல் பேச்சும் வரவில்லை. பிள்ளை அவளோடுதான் வளர்ந்தது. மானேஜர் ஒரு நாள் முகத்தைச் சுளித்தால் போதும், அவன் அன்று வீட்டில் பூனை போல நடப்பானாம். துரைசாணி என்றைக்காவது வாயைத் திறப்பாள் என்று வருஷக்கணக்கில் பயந்துகொண்டிருந்தான்.

அன்று எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. அவளை மாடிக்கு அழைத்துப் போய், காப்பிக்கடைக்காரர் கொடுத்த ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி உதட்டில் வைத்தேன். மகள் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். மற்ற பெண்கள் கீழே போகும் வரை காத்திருந்து, அவள் துணியை விலக்கி என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

“அந்தம்மா கேக் எடுத்துக்கச் சொன்னதை மட்டும் யாருக்கும் சொல்லிடாதீங்க டீச்சர்.”